வரைபடத்துக் கோடும் ஊருக்குள் ஓடும் கோடும்

அமெரிக்க உள்நாட்டுப் போரை நடத்தும் வரலாற்று ஆசிரியருக்கு வண்ணப் பென்சில் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். 1860ஆம் ஆண்டு வரைபடத்தைப் பிள்ளைகளிடம் தந்து, அடிமைமுறையைச் சட்டம் அனுமதித்த 15 மாநிலங்களுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்கு நீலமும் தீட்டச் சொன்னால் போதும். தெற்கு முழுதும் சிவக்கும். வடக்கு முழுதும் நீலமாகும். இரண்டும் உரசும் விளிம்பைப் பார்த்தே போர் எங்கே வெடித்திருக்கும் என்று அவர்கள் ஊகித்துவிடுவார்கள்.

அதே பென்சில்களோடு எண்ணூரை அடுத்த முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளைகளிடம் இன்னொரு தாளைக் கொடுத்துப் பார்ப்போம். எண்ணூரும் திருவொற்றியூரும் பொன்னேரியும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வரைபடம் அது, காலம் 1840. ஆளடிமை இருந்த இடங்களுக்குச் சிவப்பு, இல்லாத இடங்களுக்கு நீலம். பென்சில் தாளில் இறங்காமல் நின்றுவிடும். எந்த ஊரை எடுத்தாலும் ஊர்ப்பகுதிக்கு நீலமும் சேரிக்குச் சிவப்பும் தீட்ட வேண்டியிருக்கும். அவ்வளவு நுணுக்கத்தை மாவட்ட வரைபடம் தாங்காது.

நாம் எடை போடப் போகும் இரண்டும் இவைதான்: அமெரிக்கத் தெற்கின் அடிமைமுறை ஒன்று, செங்கல்பட்டு அடங்கிய தொண்டை மண்டலத்தின் ஆளடிமை மற்றொன்று. முன்னது நாட்டை இரண்டாகப் பிளந்து, குறைந்தது 6,20,000 படைவீரர்களின் உயிரைக் குடித்த போரில் முடிந்தது. பின்னதைச் சட்டத்திலிருந்து எடுத்த நாளில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ‘பிராந்தியப் பிளவும் அடிமைமுறையும் போருக்கு இட்டுச் சென்றன’ என்று ஒரே வரியில் எழுதிப் பழகிய மாணவருக்கு, அந்த ‘உம்’களில் எது எவ்வளவு சுமந்தது என்று காட்ட இந்த இணையைவிடத் தோதான கருவி கிடைப்பது அரிது.

தொடக்கத்தில் ஓர் உறவு

இரண்டும் கடலைத் தொட்ட காலம் ஏறத்தாழ ஒன்று. 1619இல் வர்ஜீனியாவில் முதல் ஆப்பிரிக்கர்கள் கரையிறக்கி விற்கப்பட்டார்கள். அதற்கு ஆறாண்டு முன்பே, 1613இல், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையை எழுப்பியிருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அந்தக் கரையிலிருந்து துணிமூட்டைகளோடு மனிதர்களும் பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகப் போனார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் மனிதச் சரக்கு பெருகியது. அட்லாண்டிக் கரையில் அடிமைகள் வந்து இறங்கினார்கள்; சோழமண்டலக் கரையில் ஏறிப் போனார்கள்.

ஆனால் அமெரிக்காவில் அடிமைமுறையே கப்பலில் வந்தது. அதற்குத் தொடக்கத் தேதி உண்டு. தமிழ்நாட்டில் கப்பல் ஏறியவர்கள் ஒரு சிறு பகுதி. பெரும்பகுதியினர் உள்நாட்டு வயல்களில் இருந்தார்கள், அந்த முறைக்குத் தேதி கிடையாது. திருவொற்றியூரில் சங்கிலி நாச்சியாரை மணந்த சுந்தரரின் கதையையே எடுத்துக்கொள்வோம். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் முதியவர் உருவில் வந்த சிவபெருமான், சுந்தரர் தமக்கு அடிமை என்று ஓர் ஆளோலையைக் காட்டி வழக்காடுகிறார். சபையார் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அடிமைப் பத்திரம், சாட்சி, கையெழுத்துச் சோதனை எதையும் பெரியபுராணத்தில் சேக்கிழார் விளக்க வேண்டியிருக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டு வாசகருக்கு அவை பழகிய நடைமுறைகள்.

அந்த வழக்கில் சுந்தரர் எழுப்பும் மறுப்பைக் கவனியுங்கள். அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவது உண்டா என்பதே அவர் கேள்வி. ஒரு மனிதரை இன்னொருவர் உடைமையாக வைத்திருக்கலாமா என்பதல்ல. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்வியும் இதன் மறுபக்கம்தான்: ஆப்பிரிக்க வழியில் பிறந்தவர் குடிமகனாக வழக்குத் தொடர முடியுமா? ஒன்று பக்திக் கதை, மற்றது நீதிமன்றப் பதிவு. ஆனாலும் இரண்டு மன்றங்களும் முதலில் விசாரித்தது பிறப்பை. அடிமை நிலை எல்லோருக்கும் உரியதல்ல, சிலருக்கு மட்டுமே உரியது என்ற நம்பிக்கையில் இரண்டும் உடன்பிறப்புகள்.

எதிர்பாராத இன்னோர் உறவு, நெல். அமெரிக்க அடிமைமுறை என்றதும் பருத்திக்காடு நினைவுக்கு வரும். ஆனால் தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோரத்தில் அடிமைகள் முழங்கால் நீரில் நின்று பயிரிட்டது நெல்லை. 1860இல் தென் கரோலினா மக்களில் நூற்றுக்கு 57 பேர் அடிமைகள். பிரிவினை முதலில் கிளம்பிய மண்ணும் அதுவே. தமிழ்நாட்டிலும் ஆளடிமை இறுகிக் கிடந்தது தஞ்சையின் ஆற்றுப் பாசனத்திலும் செங்கல்பட்டின் ஏரிப் பாசனத்திலும். நாற்றுப் பிடுங்கி நட, களையெடுக்க, அறுக்க, போரடிக்க வேளை தவறாமல் ஆள் வேண்டும். அந்த ஆள் வேறிடம் போகாமல் இருக்கவும் வேண்டும். நிலத்துக்கு உரியவர் சேற்றில் இறங்காத இடத்தில் சேற்றில் இறங்குபவருக்குக் கட்டு போட்டார்கள்; இது இரண்டு கண்டங்களுக்கும் பொது.

கோடு ஓடிய இடம்

நெல்லில் ஒன்றுபட்ட இரண்டும் நிலவியலில் பிரிகின்றன. அமெரிக்காவில் கோட்டை வரைந்ததே அரசு. 1787இல் ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று விதித்தார்கள். 1820இல் மிசௌரி உடன்பாட்டின் வழியே 36 பாகை 30 கலை அட்சக்கோட்டை எல்லையாக்கினார்கள். 1850இல் இன்னோர் உடன்பாடு செய்தார்கள். 1854இல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தால் பழைய கோட்டையே அழித்தார்கள். அழித்த இடத்தில் குடியேறிகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் கோட்டை யாரும் வரையவில்லை. அது ஏற்கெனவே ஊருக்குள் ஓடியது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு வயலோ ஓடையோ வண்டிப்பாதையோ இருக்கும். ஆளடிமைக்கு உட்பட்ட பறையர், பள்ளர் முதலான சாதியார் அந்தப் பக்கம். காணியாட்சி என்ற பரம்பரை நிலவுரிமை உடைய மிராசுதார்கள் இந்தப் பக்கம். காணியாட்சி கைமாறியபோது அதைச் சேர்ந்த ஆட்களும் கைமாறியதைப் பழைய ஆவணங்கள் காட்டுகின்றன.

பிராந்திய வேறுபாடு இங்கே அறவே இல்லை என்று மாணவர் எழுதினால் அதுவும் பிழை. நன்செய் மிகுந்த தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் ஆளடிமை கடுமை. மானாவாரிப் புன்செய் மிகுந்த கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அந்தக் கடுமை குறைவு. அமெரிக்காவைப் பருத்தியும் தட்பவெப்பமும் பிரித்தன என்றால் தமிழ்நாட்டை நீர் பிரித்தது. ஆனால் தஞ்சை மிராசுதாரும் கோவைக் குடியானவரும் இரண்டு கட்சியாகத் திரண்டதில்லை. திரள ஒரு மேடையே இல்லை. தென் கரோலினா நிலவுடைமையாளருக்குத் தனிச் சட்டமன்றம் இருந்தது, மாநிலப் படை இருந்தது, வாஷிங்டன் செனட்டில் இரண்டு இருக்கை இருந்தது. செங்கல்பட்டு மிராசுதாருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவருக்கும் அவருடைய பண்ணையாளுக்கும் மேலே இருந்தவர் ஒரே கலெக்டர். அந்தக் கலெக்டரின் கஜானா நிரம்புவது நிலவரியால். நிலவரி வருவது பண்ணையாளின் உழைப்பால். நடுவர் தானே ஒரு பக்கத்தின் பங்காளியாக இருந்துவிட்டால் சண்டை அரங்கேறாது.

விரிவாக்கமும் அவ்வாறே. எலி விட்னியின் பருத்திப் பொறி 1793இல் வந்தபின் அமெரிக்க அடிமைமுறை மேற்கு நோக்கி ஓடத் தொடங்கியது. புதிய மாநிலம் ஒவ்வொன்றும் செனட்டின் தராசைச் சாய்த்தது. தமிழ்நாட்டு ஆளடிமை பெரும்பாலும் நிலத்தோடு கட்டுண்டு, ஏரிக்குக் கீழே அசையாமல் கிடந்தது. பரவிய முறை பகையைச் சேர்த்துக்கொண்டே போனது. அசையாத முறை பழக்கமாக உறைந்தது.

எழுத்தறிவில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. 1831இல் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் வர்ஜீனியாவில் கிளர்ந்தெழுந்த பிறகு, தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைத் தடுக்கும் சட்டங்கள் இறுகின. செங்கல்பட்டில் அப்படிச் சட்டம் எழுத வேண்டிய தேவையே எழவில்லை; திண்ணைப் பள்ளி இருந்த தெருவுக்குள் சேரிப் பிள்ளை நுழைய முடியாதபோது எதற்குச் சட்டம்? அமெரிக்கத் தெற்கு தன் முறையைக் காக்கச் சட்டத்துக்கு மேல் சட்டமாக அடுக்கியது. அடுக்கியதைப் பின்னாளில் இடித்துத் தள்ளவும் முடிந்தது. தமிழ்நாட்டில் முறையைத் தாங்கி நின்றது வழக்கம். இடிக்கப் போனவர்களுக்குக் கைக்கு அகப்பட்டது கொஞ்சம்.

ஓடிப்போனவர் எங்கே போனார்?

போருக்கு வழிவகுத்த காரணங்களில் பாடப்புத்தகம் விரைந்து கடந்துபோகும் ஒன்று, தப்பியோட்டம். அமெரிக்க அடிமை ஓஹையோ ஆற்றைக் கடந்தால் அடிமைமுறை இல்லாத மாநிலத்தில் கால் வைக்கலாம். ஆகவே தப்பிய ஒவ்வொருவரும் வடக்கத்தியரின் வாசலில் ஒரு கேள்வியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்: பிடித்துக் கொடுப்பாயா, மறைத்து வைப்பாயா? 1850ஆம் ஆண்டுத் தப்பியோடிய அடிமைகள் சட்டம், பிடிக்க உதவ வேண்டிய கடமையைச் சாதாரணக் குடிமக்கள் மேலும் சுமத்தியது. அதுவரை தனக்கு இதில் சம்பந்தமில்லை என்றிருந்த பாஸ்டன்காரரும் அன்றோடு சம்பந்தப்பட்டார்.

செங்கல்பட்டுப் பண்ணையாள் எந்த ஆற்றைக் கடப்பார்? பாலாற்றைக் கடந்தாலும் கொசஸ்தலையைக் கடந்தாலும் அக்கரையிலும் ஊரும் சேரியும். அக்கரை மிராசுதாருக்கும் அதே நியாயம். அவருக்கிருந்த எல்லை கடல். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, மொரீசியஸ், பர்மா, மலேயா என்று தமிழ்நாட்டுக் கூலிகள் கப்பலேறியதற்கு வறுமையும் பஞ்சமும் காரணம்; ஊர்க்கட்டிலிருந்து வெளியேறும் ஆசையும் காரணம்.

இங்கே இரண்டு வரலாறுகளும் ஒரே நாட்காட்டியில் சந்திக்கின்றன. 1860 அக்டோபரில் ‘டிரூரோ’ என்ற ஒப்பந்தக் கூலிக் கப்பல் 342 பேரோடு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அது நடுக்கடலில் இருந்தபோது, நவம்பர் 6 அன்று, லிங்கன் தேர்தலில் வென்றார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா ஒன்றியத்தை விட்டு விலகியது. அமெரிக்காவில் தப்பியவர்களின் பாதை எல்லையைப் போர்முனையாக்கியது. இங்கே தப்பியவர்களின் பாதை கொந்தளிப்பைக் கடல் கடந்து கொண்டுபோனது. ஊர் அப்படியே இருந்தது.

சென்னைக்கு அப்போது துறைமுகச் சுவர் கிடையாது. கயிற்றால் தைத்த மசுலாப் படகுகளில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போயாக வேண்டும். போர் மூண்டு அமெரிக்கப் பருத்தி நின்றுபோனதும் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. திருநெல்வேலி, கோவைக் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது, 1865இல் போர் முடிந்ததும் சரிந்தது. சென்னைக் கரையின் படகோட்டிகள் அலை தாண்டிக் கொண்டுபோய் ஏற்றியவற்றில் ஒப்பந்தக் கூலிகளும் உண்டு, பருத்திப் பொதிகளும் உண்டு. அமெரிக்க அடிமைகள் பறித்த பருத்தி வராத குறையைத் தமிழ்நாட்டுக் கரிசல் ஓரளவு ஈடுசெய்தது.

இரண்டு குட்டைச் சட்டங்கள்

விடுதலைச் சட்டங்களை அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது அவற்றின் குட்டை உருவம். இந்திய அடிமைமுறை குறித்த 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தில் நான்கே பிரிவுகள். 1865இல் நிறைவேறிய அமெரிக்க அரசமைப்பின் 13ஆம் திருத்தத்தில் இரண்டே பிரிவுகள்.

உருவம் ஒத்தாலும் உள்ளடக்கம் ஒக்கவில்லை. 13ஆம் திருத்தம் அடிமைமுறையே இனி இருக்காது என்றது. 1843ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒருவரை அடிமை என்று உரிமை கோரி வந்தால் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்காது என்பதையே முதன்மையாகச் சொன்னது. அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை. ‘நீ விடுதலை பெற்றாய்’ என்று சேரிக்குப் போய் அறிவிக்க யாரையும் பணிக்கவும் இல்லை. அமெரிக்காவில் அரசு உடைமையாளருக்கு எதிராக நின்றது. இங்கே அரசு உடைமையாளருக்கு உதவி செய்வதை நிறுத்திக்கொண்டது. எதிர்த்தால் சண்டை வரும். ஒதுங்கினால் வராது.

பிரிட்டன் ஏன் ஒதுங்கியது என்பதும் ஒப்பீட்டுக்கு உரியது. 1833இல் கரீபியத் தீவுகள் முதலான தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தபோது உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுன் ஈடு கொடுத்தது. அதே சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது. ஜமைக்காத் தோட்டக்காரருக்குப் பணம், செங்கல்பட்டு மிராசுதாருக்கு விலக்கு. அடிமையாக இருந்தவருக்கு இரண்டு இடத்திலும் காசு ஒன்றும் இல்லை.

தேதிகளில் ஒரு விந்தை. அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. சரியாக ஓராண்டு இடைவெளி. பிந்தியது உலக வரலாற்றுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் உண்டு. முந்தியதைச் சட்ட மாணவர்கூட அந்தக் கோணத்தில் படிப்பதில்லை. இந்தியாவில் அமெரிக்க விடுதலையைக் கூர்ந்து கவனித்தவர்களுள் முதன்மையானவர் ஜோதிராவ் புலே. 1873இல் வெளிவந்த ‘குலாம்கிரி’யை, அடிமை ஒழிப்புக்காகத் தியாகம் செய்த அமெரிக்க மக்களுக்கே அவர் காணிக்கையாக்கினார். தம் மண்ணில் சாதியால் கட்டுண்டவர்களின் நிலையை அமெரிக்க அடிமைகளின் நிலையோடு சேர்த்து எடைபோட்டவர் அவர். நம் ஒப்பாய்வுக்கு அவரே முன்னோடி.

மறுநாள் காலை

இதுவரை விலகிச் சென்றவை இங்கே மறுபடி நெருங்குகின்றன. இந்த ஒப்பாய்வின் பெரிய வியப்பும் இதுதான். போர் நடத்தி விடுவித்த நாடும் சந்தடியில்லாமல் சட்டத்தை மாற்றிய நாடும் சில ஆண்டுகளிலேயே ஒரே இடத்தில் வந்து நின்றன.

1865 இறுதியில் மிசிசிப்பி இயற்றிய கறுப்பர் சட்டங்கள், விடுதலை பெற்றவர் ஆண்டுதோறும் ஜனவரியில் வேலை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும் என்றன. ஒப்பந்தக் காலம் முடியும் முன் விலகினால் கூலியும் போகும், கைதும் உண்டு. அதற்கு ஆறாண்டு முன்பே, 1859இல், முன்பணம் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராவிட்டால் மூன்று மாதம் வரை சிறையில் இடும் சட்டம் சென்னை முதலான தலைநகரங்களுக்கு வந்திருந்தது. பின்பு அது தோட்டங்களுக்கும் விரிந்தது. ஒப்பந்தம் மீறுவது பொதுவாக உரிமையியல் வழக்கு. உழைப்பாளி மீறினால் மட்டும் இரண்டு நாடுகளிலும் அது சிறைக்குரிய குற்றமானது.

அமெரிக்கத் தெற்கில் விடுதலையானவர் பழைய எசமானின் வயலில் பங்குவாரத்துக்கு உழுதார். விதைக்கும் உணவுக்கும் கடைக்காரரிடம் கடன். அறுவடையில் கழித்துக்கொண்டபின் மீதி இல்லை, கடன் அடுத்த ஆண்டுக்குப் போகும். செங்கல்பட்டில் படியாள் திருமணத்துக்கோ சாவுச் செலவுக்கோ சில ரூபாய் வாங்கி, அதற்காகக் காலமெல்லாம் உழைக்க எழுதிக் கொடுத்தார்; தந்தை கடன் மகன் தலையில் ஏறியது. அங்கே ஒப்பந்தத்தின் அடியில் பெருக்கல் குறி. இங்கே பத்திரத்தின் அடியில் கீறலோ கைநாட்டோ. வாசிக்கத் தெரியாதவர் தம் கையாலேயே தம்மைக் கட்டிக்கொள்ளும் அந்தக் குறி, இரு முறைகளும் பெற்ற ஒரே பிள்ளை.

நிலத்துக்கு வருவோம். 1865 ஜனவரி 12 அன்று சவானா நகரில் வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் இருபது கறுப்பினச் சமயத் தலைவர்களைச் சந்தித்தார். உங்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு, அவர்கள் சார்பில் பேசிய காரிசன் பிரேசியர் நிலம் வேண்டும் என்றார். அதை உழுது தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். நான்கு நாளில் ஆணை பிறந்தது: தென் கரோலினா முதல் புளோரிடா வரையான கடலோரத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் ஏக்கர், குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை. அதே ஆண்டு அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் ஆணையைக் கவிழ்த்து நிலத்தைப் பழைய உடைமையாளரிடமே சேர்த்தார்.

செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும் நிலத்தையே சுட்டியது. தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து என்ற மனுப் போட்டால் மிராசுதாருக்கு முன்னுரிமை. குடிசை நிற்கும் மனையிலும் மிராசுதாரின் பிடி. எதிர்த்துப் பேசினால் குடிசையே போய்விடும் என்று அது விவரித்தது. அடுத்த ஆண்டு, 1892இல், அரசாணை பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கும் நிலத்தைப் பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பஞ்சமி நிலம் உருவாயிற்று. சென்னை மாகாணத்தில் அது 12 லட்சம் ஏக்கர் என்பது நிலமீட்பு இயக்கங்கள் முன்வைக்கும் கணக்கு. நாற்பது ஏக்கரை ஓர் அதிபர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி எடுத்தார். பஞ்சமி நிலம் நிபந்தனையை மீறிய பத்திரங்களின் வழியே, கைமாறியது தெரியாமல் போனது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டு அருகே காரணை ஊரின் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்தார்கள். உள்நாட்டுப் போர் நடக்காத மண்ணில், அரசாணைக்கு 102 ஆண்டு கழித்து வெடித்த குண்டுகள் அவை.

ஷெர்மன் ஆணையிட்ட நிலம் தீவுகளும் உப்பங்கழிகளும் முகத்துவாரங்களும் நிறைந்த கரை. அங்கே தங்கிவிட்ட, அடிமைகளின் வழிவந்த கல்லா-கீச்சி மக்கள் 20ஆம் நூற்றாண்டில் ஹில்டன் ஹெட் போன்ற தீவுகளில் உல்லாச விடுதிகளுக்கு நிலத்தை இழந்தார்கள். எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் துறைமுக வேலிக்கும் நீரை இழந்துவருகிறார்கள். எண்ணூர்க்காரர்களும் அடிமைகளின் வழித்தோன்றல்கள் என்று சொல்ல வரவில்லை. காரணங்கள் வேறு, காலம் வேறு. ஆனால் பயன்படுத்தி வாழ்பவரிடம் பட்டா இல்லாத நிலம் எளிதில் கைமாறும் என்பதை அந்தக் கரை ஆவணங்களில் படிக்கலாம், இந்தக் கரை வாசலிலேயே பார்க்கலாம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும், இந்த நூற்றாண்டிலும், செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் கடன் கட்டிலிருந்து மீட்கப்பட்டன. அந்தக் கதையிலும் நெல்தான்.

மூன்றாவது தாள்

இரண்டை வைத்து ஒரு முடிவுக்கு வந்தால் அதை மூன்றாவதில் சோதிக்க வேண்டும். அடிமைமுறையின் கொடுமை மட்டும் உள்நாட்டுப் போரைத் தருவதில்லை, கொடுமையின் எல்லை வரைபடத்தில் விழுந்து, இரு பக்கமும் அரசோ படையோ திரட்டும் வாய்ப்பு இருந்தால்தான் தரும் என்பது நம் முடிவு. இலங்கையை எடுத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானார்கள். அந்தத் தீவில் அவர்களைவிட அதிகம் இழந்தவர்கள் அன்று இல்லை. ஆனால் 1983இல் மூண்டு 2009 வரை நடந்த போரின் களம் மலையகம் அல்ல, வடக்கும் கிழக்கும். தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. வடக்குக்கும் கிழக்குக்கும் தாயகம் என்று காட்டத் தொடர்ச்சியான நிலமும் தனி அரசியலும் இருந்தன. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனி நாட்டைக் கோரியது. 1978இல் மலையகத் தலைவர் தொண்டமான் கொழும்பு அமைச்சரவையில் சேர்ந்தார். கலவரங்களுக்கு அஞ்சி வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்த மலையக இளைஞர்களில் சிலர் இயக்கங்களில் சேர்ந்ததும் உண்டு. வரைபடத்தில் இடம் மாறியபின்தான் போர் அவர்களை எட்டியது. முகத்துவாரக்குப்பத்திலிருந்து வெகுதூரம் போகாமலே, கும்மிடிப்பூண்டி முகாமில், அந்தப் போர் வெளியேற்றிய குடும்பங்களைப் பிள்ளைகள் காணலாம்.

எடை

இரண்டையும் தராசில் வைத்தால் எது மேல்? அமெரிக்கப் பாதைக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு. போரின் சூட்டில் வார்த்த 13, 14, 15ஆம் திருத்தங்கள் ஏறத்தாழ நூறாண்டு உறங்கினாலும் 1950களிலும் 60களிலும் குடிமை உரிமை இயக்கத்துக்குக் கருவியாயின. தமிழ்நாட்டுப் பாதைக்கும் ஒன்று உண்டு: ஆறு லட்சம் பிணங்கள் விழவில்லை. ஆனால் அதற்காகச் செலவே இல்லை என்று கணக்கை மூட முடியாது. தஞ்சைப் பண்ணையாளுக்குச் சட்டப் பாதுகாப்பு 1952இல்தான் வந்தது. அதன் பிறகும் 1968 கிறிஸ்துமஸ் இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஒரு நாடு நான்கு ஆண்டில் மொத்தமாகச் செலுத்திய விலையை மற்றது நூற்றைம்பது ஆண்டாகத் தவணையில் செலுத்தியது. தவணையும் பெரும்பாலும் சேரியின் பங்கிலிருந்தே போனது.

ஆகவே உள்நாட்டுப் போரைக் கற்பிக்கும் ஆசிரியர் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். போர் ஏன் வந்தது என்பது ஒன்று. அதற்கு விடை கோடு ஓடிய இடத்தில் இருக்கிறது. விடுதலை ஏன் நிலைக்கவில்லை என்பது மற்றொன்று. அதற்கு விடை கோட்டில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. முதல் கேள்வியில் அமெரிக்காவும் செங்கல்பட்டும் எதிரெதிர்த் துருவங்கள். இரண்டாவதில் ஒரே வகுப்பின் இரண்டு மாணவர்கள். நம் வினாத்தாள்கள் விடுதலைச் சட்டம் எந்த ஆண்டு வந்தது என்று கேட்டு ஒரு மதிப்பெண் போடுகின்றன. அந்தச் சட்டம் வந்த மறுநாள் பட்டா யார் பெயரில் இருந்தது என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால், சவானாவுக்கும் பொன்னேரிக்கும் ஒரே விடையை எழுதலாம் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார்.